பியூலாவின் வலப்பக்கம்

கேட்டவர் வீட்டுக்கு வராது, கேளாதவர் வீட்டை விட்டுப் போகாது. வைத்திருப்பவருக்கு உதவாது, பக்கத்தில் நிற்பவருக்கு உதவும். விரட்டினால் கோபிக்காது, கும்பிட்டால் மகிழாது. அது என்ன?

இந்த விடுகதையைக் கிருபைவிளையில் எந்தப் பிள்ளையிடம் போட்டாலும், போட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிடும். சுகிர்தத்திடம் மட்டும் போடக் கூடாது. போட்டால் அவள் கையிலிருக்கும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அநியாயம்" என்பாள். அது விடையா, விடுகதையைப் பற்றிய அவளுடைய அபிப்பிராயமா என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

கிருபைவிளை செம்மணல் ஊர். பங்குனி பிறந்துவிட்டால் மணல் அடுப்பில் ஏற்றிய வாணலிபோல் ஆகிவிடும், கோழிகள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும், செருப்பை மறந்து வெளியே வந்த மனிதர் பாதித் தெருவில் நின்று முன்னே போவதா பின்னே போவதா என்று அழுவார். ஊர் முகப்பில் பெயர் எழுதிய ஒரு வளைவு, வளைவிலிருந்து ஒரே நேர்த்தெரு, தெரு முடிகிற இடத்தில் கோயில், கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் அண்ணன் தம்பி இருவருடைய வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. அண்ணன் பொன்ராஜ் கப்பல் வேலைக்குப் போனவன்; அவன் மனைவிதான் சுகிர்தம், மகன் ஆசீர். தம்பி வேதராஜ், அவன் மனைவி எமிலி, மகள் பியூலா.

இரண்டு வீட்டுக்கும் நடுவில், எல்லைக்கோட்டின் மேலேயே, ஒரு வேம்பு நின்றது. அதன் கிளைகள் தெருவுக்கு மேலே பந்தல் போட்டுப் பள்ளிக்கூட வாசல்வரை போயிருந்தன. ஆசீர் அந்தப் பந்தலுக்கு அடியில்தான் நடை பழகினான், அந்தப் பந்தலுக்கு அடியில்தான் பள்ளிக்கூடம் போனான். ஏனென்றால் அவனுடைய தோலுக்கு வெயில் ஆகாது. கொஞ்ச நேரம் பட்டால் சிவக்கும், இன்னும் கொஞ்ச நேரம் பட்டால் கொப்புளிக்கும், அதற்கு மேல் பட்டால் மயங்கி விழுவான். மருந்து இல்லை, நிழல்தான் மருந்து என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நிழல்தான் மருந்து என்றால் நம் வாசலிலேயே மருந்துக்கடை இருக்கிறதே என்று சுகிர்தம் நிம்மதியாக இருந்தாள்.

அந்த வேம்பைத்தான் வேதராஜ் வெட்டினான். சருகு விழுகிறது, மதில் கட்ட இடைஞ்சலாக இருக்கிறது என்று காரணம் சொன்னான். சுகிர்தம் பெண்கள் சங்கத்தாரோடு உபவாச ஜெபத்துக்குப் பக்கத்து ஊர் போயிருந்த நாளாகப் பார்த்து வெட்டினான். அவள் பட்டினி வயிற்றோடு திரும்பி வந்தபோது தெருவில் வானம் மட்டும் இருந்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. மதில் எழும்பியது, வேரோடு பிடுங்க முடியாத அடிமரம் மட்டும் நடுவில் நின்றதால், மதில் அதன் இரண்டு பக்கமும் வந்து நின்றுகொண்டது. அந்த இடைவெளி வழியாகக் கோழியும் பூனையும் போய்வந்தன. மனிதர்கள் போகவில்லை.

சுகிர்தம் ஆசீருக்குக் குடை பிடித்துப் பார்த்தாள். மேலே குடை இருந்தும், கீழே மணலிலிருந்து எழும்பிய வெக்கை ஆசீரை முழங்கால்வரை கொப்புளமாக்கியது. அதன்பிறகு பகலில் ஆசீர் சன்னலுக்கு உள்ளேயும் பள்ளிக்கூடம் சன்னலுக்கு வெளியேயும் இருந்தன. டீச்சர் சாயங்காலம் வந்து பாடத்தைச் சொல்லிவிட்டுப் போவாள். அசனப் பண்டிகையன்று ஊரே பந்தலில் வரிசையாக உட்கார்ந்து சுடச்சுடச் சோறும் கறியும் சாப்பிடும்; ஆசீருக்குத் தூக்குவாளியில் வரும், வரும்போது ஆறிப்போயிருக்கும். "பந்தியில இருந்து சாப்பிட்டா எப்படி இருக்கும்னு எனக்கு மறந்துட்டு" என்று அவன் ஒருமுறை சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னான். சுகிர்தம் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகவே அவள் ஜெபித்தாள். ஊர் விழிக்குமுன் எழுந்து, முழங்காலில் நின்று, சுற்றி வளைக்காமல் ஜெபித்தாள். ஆண்டவரே, எனக்குப் பொன் வேண்டாம், மாடி வேண்டாம், நிழல் வேண்டும். ஒரு பாய் அகலம் போதும். என் மகன் கூடவே வரவேண்டும். அளவும் இடமும் ஆளும் இவ்வளவு தெளிவாகச் சொன்ன ஜெபத்தில் தவறு நேர வழியே இல்லை என்று அவள் நம்பினாள்.

நிழல் வந்தது. ஒரு பாய் அகலம்தான் வந்தது. கூடவே போகும் நிழலாகத்தான் வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் வந்தது.

வேதராஜின் முற்றத்தில் பியூலா பம்பரம் விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலப்பக்கத்து மணலில் ஒரு பாய் விரித்ததுபோல் நிழல் விழுந்தது. மேலே மரம் இல்லை, மேகம் இல்லை, காகம்கூட இல்லை. நிழலுக்குள் மட்டும் இலையாட்டம் தெரிந்தது, சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் அசைந்தன, கிட்டப் போனால் வேப்பம்பூ வாசம் வந்தது. பியூலா இரண்டடி நகர்ந்தாள், அது இரண்டடி நகர்ந்தது. அவள் பம்பரத்தை எடுத்துக்கொண்டு, "அம்மா, ஒண்ணு கூடவே வருது" என்றாள். எமிலி எட்டிப் பார்த்துவிட்டு, "வந்தா வரட்டும். வத்தல் காயுற பக்கம் போகாத" என்றாள்.

மதிலின் இடைவெளி வழியாக இதைப் பார்த்த சுகிர்தம் முதலில் சந்தோஷப்படவுமில்லை, துக்கப்படவுமில்லை. தபால்காரர் தன் பெயருக்கு வந்த பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால் வருமே, அந்த எரிச்சல்தான் அவளுக்கு வந்தது. வானத்தைப் பார்த்து, "ஒரு வீடு தள்ளிப் போட்டுட்டீரே" என்றாள். திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்தாள். சாயங்காலம்வரை பார்த்தாள். நிழல் திரும்பவில்லை.

அதுவும் யார் வீட்டுக்கு? வேதராஜ் வீட்டார் கோயிலுக்கு வருவது அசனத்துக்குத்தான்; அன்றைக்கும் ஆராதனை முடிந்து இலை போடும் நேரத்துக்குத்தான் வருவார்கள். பியூலாவுக்கு ஒரு மனப்பாட வசனம் முழுதாக வராது. ஓய்வுநாள் பள்ளியில் அவள் கற்றுக்கொண்டது காணிக்கைப் பைக்குள் புளியங்கொட்டை போட்டால் என்ன சத்தம் வரும் என்பது மட்டுமே.

குருவானவர் மாசிலாமணி ஆண்டுக்கு ஒருமுறையாவது தெரிந்துகொள்ளுதலைப் பற்றி, அதாவது ஆண்டவர் ஆளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி, பிரசங்கம் பண்ணுவார். ஆண்டவர் ஒருவரைத் தெரிந்துகொள்வது அவர் தகுதியைப் பார்த்து அல்ல, அவர் செய்ததையும் செய்யாததையும் பார்த்து அல்ல, தாயின் வயிற்றில் இருக்கும்போதே குறித்துவைத்துவிடுகிறார் என்பார். சுகிர்தம் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவாள். பல வருஷம் அப்படித் தலையாட்டியிருக்கிறாள். தகுதியில்லாமல் தெரிந்துகொள்ளப்பட்ட அந்த ஒருவர் தான்தான் என்று நினைத்துக்கொண்டே அவ்வளவு காலமும் தலையாட்டியிருக்கிறாள் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு உறைத்தது. உறைத்ததும் இன்னும் எரிச்சல் கூடியது.

ஊருக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. ஊர் நிழலை இரண்டு நாள் வாய் பார்த்தது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. ஏன் வந்தது என்று கேட்பதைவிட, என்ன செய்தால் நமக்கும் வரும் என்று கேட்பது ஊருக்குச் சுலபமாக இருந்தது. வேதராஜ் வீட்டார் கோயிலுக்கு வராததனால்தான் நிழல் வந்தது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதி பெஞ்சு காலி. பியூலா காதுகுத்தாத பிள்ளை என்று யாரோ நினைவூட்டினார்கள், அந்த மாதம் முழுக்க ஊரில் யாரும் காதுகுத்தவில்லை. மரத்தை வெட்டினவனுக்கு மரம் நிழல் கொடுக்கிறது என்று ஒருவர் ஆழமாக யோசித்துத் தன் முற்றத்துப் புங்கையை வெட்டிப்போட்டுவிட்டு வெயிலில் காத்திருந்தார்.

"எருமை மாட்டுக்குக்கூட இவ்வளவு பிரசங்கம் பண்ணியிருந்தா ஒரு வார்த்தை புரிஞ்சிருக்கும்" என்று குருவானவர் தன் மனைவியிடம் சொன்னதாகப் பேச்சு.

இதற்குள் ஒரு விஷயம் வெளியே வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் யாருமில்லை, பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் தெரிந்துபோனது. பியூலாவின் மூக்கு வழக்கம்போல வெயிலில் தோலுரிந்துகொண்டிருந்தது. நிழல் அவள்மேல் விழவே இல்லை. அவளுக்கு வலப்பக்கம்தான் விழுந்தது. அவள் அதற்குள் நுழைய வலப்பக்கம் திரும்பினால் அதுவும் திரும்பியது. வாலைக் கடிக்கச் சுற்றும் நாய்க்குட்டிபோல் அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்து, தலைகிறுகிறுத்து விழுந்து, சலித்துப்போய் விட்டுவிட்டாள். நிழல் அவளுடையது, குளிர்ச்சி அவளுக்கு வலப்பக்கம் நிற்பவருடையது.

அது தெரிந்ததும் பியூலாவின் வலப்பக்கத்துக்கு வந்த மவுசைச் சொல்ல முடியாது. அந்த நிழல் பட்ட மணல்கூடச் சுடவில்லை. ஐஸ்காரர் பெட்டியை இறக்கி அவள் வலப்பக்கம் வைத்தார். ஆடுகள் வலப்பக்கமாகவே வரிசை கட்டின. பெண்கள் பீடி சுற்றும் தட்டோடு வந்து, "ஏட்டி பியூலா, செத்த நேரம் ஆடாம நில்லு" என்று அதட்டினார்கள். வத்தல் காயப்போட்டவர்கள், "ஏட்டி, அங்கிட்டுப் போ" என்று விரட்டினார்கள். நிழல் இரண்டுக்கும் சம்மதமாகவே இருந்தது. பியூலா இருந்தாளா என்று யாரும் கேட்கவில்லை.

கோயில் காரியங்களைப் பார்க்கும் சேகரக் கமிட்டி கூடியது. காரியதரிசி அருமைநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சுகிர்தத்தின் வீட்டுக்கு வந்தார்.

"மரம் எல்லையில நின்னுது. அதனால நிழல்ல பாதி மூத்த வீட்டுக்குன்னு கமிட்டி நினைக்குது" என்றார்.

"பாதிய எப்படி எடுத்துத் தருவீங்க?"

"அதத்தான் யோசிக்கோம்."

"மரத்த வெட்டுன அரிவாள் அந்த வீட்லதான் இருக்கு. கேட்டு வாங்கி நிழலையும் வெட்டுங்க" என்றாள் சுகிர்தம். காரியதரிசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு குருவானவர் வந்தார். சுகிர்தம் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அவர் களைத்துப்போயிருந்தார்.

"சுகிர்தம்மா, தெரிந்துகொள்ளப்படுறதுன்னா பரிசு வாங்குறதுன்னு நினைக்காங்க. அது வேலைக்கு எடுக்குற மாதிரி. அந்தப் பிள்ளை மூக்கைப் பாருங்க."

"எடுக்கட்டும் ஐயா. ஊருக்கெல்லாம் வேலை பாக்கட்டும். என் பிள்ளைய எதுக்கு வீட்டுக்குள்ள உட்கார வச்சிருக்காரு?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

"முழங்கால் ரெண்டும் காய்ச்சுப்போச்சு. இன்னும் எப்படிக் கேக்க?"

"நான் எமிலிய கேட்டீங்களான்னு கேட்டேன்."

சுகிர்தம் காப்பிச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். குருவானவர் காப்பியைக் குடித்து முடித்தார்.

அன்று சாயங்காலம் ஆசீரும் அதையேதான் கேட்டான். அவன் கையில் பியூலாவின் பம்பரம் இருந்தது. மதில் இடைவெளி வழியாக உருண்டு வந்ததை எடுத்துவைத்துக்கொண்டு, அவள் எவ்வளவு கேட்டும் தராமலிருந்தான்.

"கேட்டாத்தான் என்னம்மா?"

"யாருட்ட கேக்க?"

"சித்திட்ட."

"ஏல, நான் கேட்டது ஆண்டவர்ட்ட. அவரு அத அவ கையில குடுத்துட்டாருன்னா, நான் அவ வாசல்ல போய் நிக்கணுமா? மரத்த வெட்டுனவ வாசல்லயா?"

"சித்தப்பால்லா வெட்டுனாரு."

"எல்லாம் ஒண்ணுதான்."

ஆசீர் பம்பரத்தில் சாட்டையைச் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில் பம்பரம் நின்று ஆடாது, வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டும்.

அசனப் பண்டிகை வந்தது. அந்த வருஷம் பேராயர் வருவதாக இருந்தது. வழக்கமாகப் பேராயர் வந்தால் வளைவிலிருந்து கோயில்வரை பட்டுக்குடை பிடித்து, பஜனைப்பாட்டோடு பவனியாக அழைத்துவருவார்கள். இந்த முறை குடை வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்தது. எந்த ஊரில் குடை இல்லை? நிழலையே கூட நடத்திக் கூட்டிவரும் ஊர் எது? பியூலாவைப் பேராயரின் இடப்பக்கம் நடக்கவிட வேண்டியது, நிழல் தானாக அவர்மேல் விழும். பட்டுக்குடையை அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவியை வைத்திருந்தவர் அசனச் சமையலுக்கு விறகு தள்ளப் போய்விட்டார். பியூலாவுக்கு வெள்ளைக் கவுன் தைத்தார்கள். எமிலி அவள் தலையில் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, "அங்க இங்க ஓடுன, முதுகுத்தோல உரிச்சிருவேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

சுகிர்தம் சன்னலில் நின்றாள். கறி வாசம் தெரு முழுக்க வந்தது. பின்னால் ஆசீர் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தூக்குவாளி கழுவிக் கவிழ்த்திருந்தது. வளைவில் பேராயரின் கார் வந்து நின்றது. வெள்ளை அங்கியில், கனத்த சரீரத்தோடு, அவர் மணலில் இறங்கினார். குருவானவர் கும்பிட்டார், காரியதரிசி மாலை போட்டார், பாட்டுக்காரர்கள் தாளம் எடுத்தார்கள். பியூலாவைப் பேராயரின் இடப்பக்கம் நிறுத்தினார்கள். நிழல் வந்து அவர்மேல் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார், ஒன்றும் இல்லை. மூச்சை இழுத்தார், வேப்பம்பூ. அவர் முகம் குழந்தை முகம்போல் ஆனது. பவனி புறப்பட்டது.

இரண்டு வீட்டுக்கும் முன்னால் வந்தபோது பியூலா நின்றாள். பிறகு வரிசையை விட்டு விலகி, தன் வீட்டு முற்றத்துக்குள் போனாள். மூத்திரம் பெய்யப் போகிறாள் என்று எல்லாரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பேராயர் வெயிலில் நின்றார். பியூலா வீட்டுக்குள் போகவில்லை. கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேம்பின் அடிமரத்தில் ஏறி, இந்தப் பக்கம் குதித்து, சுகிர்தத்தின் வாசலில் வந்து நின்றாள்.

"பெரியம்மா, ஆசீர் எங்க?"

நாலு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து அவளிடம் வந்த முதல் வார்த்தை அது. சுகிர்தத்துக்கு என்ன கோபம் வந்ததென்றால், அழுகை வருவதற்கு இடமில்லாத அளவுக்குக் கோபம் வந்தது.

"உங்க அம்மா சொல்லி அனுப்புனாளா?"

"அம்மா பாத்தா முதுகுத்தோல உரிச்சிருவாவ."

"கோயில் ஐயா சொன்னாவளா?"

"இல்ல."

"நான் யார்ட்டயும் ஒண்ணும் கேக்கலையே."

"ஆமா" என்றாள் பியூலா.

"அப்ப என்ன, பாவம்னு வந்தியா?"

"அவனா பாவம்? என் பம்பரத்த வச்சுக்கிட்டுத் தரமாட்டேங்கான்."

தெருவில் பாட்டு நின்றுவிட்டது. காரியதரிசி வேலிப்படலுக்கு வெளியே வந்து, "பியூலா, பேராயர் ஐயா வெயில்ல நிக்காவ பாரு. வந்துரும்மா, வந்துரு" என்று கெஞ்சினார். அவருக்குப் பின்னால், பேராயர் சிவந்த முகத்தோடு கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் குடைச் சாவியைத் தேடிச் சமையல் பந்தலுக்கு ஓடினார். எமிலி மதிலுக்கு மேலே தலையை நீட்டியிருந்தாள், கையில் விளக்குமாறு இருந்தது, வாய் திறந்திருந்தது. சுகிர்தம் அவளைப் பார்த்தாள். அவளும் சுகிர்தத்தைப் பார்த்தாள்.

"பின்ன எதுக்குட்டி வந்த?" என்றாள் சுகிர்தம். அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஜெபம் என்றோ, நியாயம் என்றோ, எல்லைக்கோடு என்றோ, எதுவானாலும் பரவாயில்லை, கையில் பிடித்துக்கொள்ள ஒரு காரணம்.

பியூலா தோலுரிந்த மூக்கைச் சொரிந்துகொண்டு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"வந்தேன்" என்றாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஆசீர் நிலைப்படிக்கு வந்து, உள்பக்கமாக நின்றான். வாசலில் ஒரு பாய் அகலத்துக்கு இலைகள் அசைந்துகொண்டிருந்தன. அவன் அம்மாவைப் பார்த்தான். சுகிர்தம் தெருவைப் பார்த்தாள், மதிலைப் பார்த்தாள், வானத்தை ஒருமுறை நன்றாக முறைத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, கதவுக்குப் பின்னாலிருந்த அவனுடைய செருப்பைத் தேடி எடுத்தாள். ரொம்ப நாள் போடாததால் சின்னதாகிப்போயிருந்தது. அதை ஓரமாகப் போட்டுவிட்டு, தன் செருப்பை எடுத்து அவன் முன்னால் போட்டாள்.

"இத மாட்டிக்கோல. பந்தியில சிந்தாமத் தின்னு" என்றாள். "அவ பம்பரத்தக் குடு."

ஆசீர் பம்பரத்தைக் கொடுத்தான். பியூலா அதை வாங்கிக் கவுனின் பையில் போட்டுக்கொண்டாள்.

சாவி கிடைக்கவில்லை. பேராயர் கோயில்வரை வெயிலில் நடந்தார். பியூலா ஆசீரின் இடப்பக்கம் நடந்தாள்.